நரைத்த தலைக்கு ஆகாத கதைகளா?

அன்பியக் கூட்டங்களில் இறைவார்த்தைப் பகிர்வு முடிந்து, மன்றாட்டுகளும் முடிந்து, சுண்டல் வழங்கப்படும் வேளையில்தான் ஊரின் உண்மையான குறைகள் வெளிவரும் என்பதைப் பங்குப் பணியில் சில ஆண்டுகளைக் கழித்த எவரும் அறிவர். குடிநீர்க் குழாய், கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர், பாடகர் குழுவின் பிணக்கு ஆகியவற்றோடு அண்மைக் காலமாகப் புதிய குறை ஒன்றும் நம் காதுக்கு எட்டி வருகிறது. வயது முதிர்ந்த பெண்கள் சிலர், பேரப்பிள்ளைகளுக்கென எழுதப்பட்ட மாயக் காதல் கதைகளைப் படிக்கிறார்களாம். செபமாலை உருட்ட வேண்டிய விரல்கள் இளவரசர் கதைகளின் பக்கங்களைப் புரட்டுகின்றனவாம். "சாமி, இதைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொல்ல வேண்டும்" என்ற வேண்டுகோளும் வந்து சேர்ந்தது.

சொல்லப் போவதில்லை. ஏன் சொல்லப் போவதில்லை என்பதை மட்டும், மறையுரைக்கு உரிய பத்து நிமிடங்களில் அடங்காது என்பதால், இங்கே சற்று விரிவாகவே எழுதிவிடுகிறோம்.

எந்தக் கதைகளைக் குறித்து இவ்வளவு கலக்கம்? பள்ளி வயது தாண்டாத ஒரு பெண். அவள் வாழும் சிற்றூருக்கு அப்பால் மறைந்து கிடக்கும் மாய உலகம். அங்கிருந்து வரும், சாபமோ சாவாமையோ பெற்ற ஓர் இளைஞன். இருவருக்கும் இடையே கூடாத காதல். இவ்வகைக் கதைகளின் எலும்புக்கூடு இவ்வளவே. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெஃபனி மேயர் 2005இல் வெளியிட்ட 'ட்வைலைட்' நாவலும், அதைத் தொடர்ந்து 2008 வரை வந்த மூன்று தொகுதிகளும் இதை உலகெங்கும் பரப்பின. அதன் தலைவன் 1901இல் பிறந்தவன். பதினேழு வயதில் மூப்பு நின்றுபோய், இரத்தம் குடித்து வாழும் இனத்தவனாகிவிட்டவன். கணக்குப் பார்த்தால் நூறு வயதைத் தாண்டிய கிழவர்! அவருடைய காதலைப் பதினேழு வயதுப் பேத்தி படிக்கலாம். அறுபத்தெட்டு வயதுப் பாட்டி படித்தால் மட்டும் வயது பொருந்தவில்லை என்கிறோம்.

பண்ணைப்புரத்தில் நாம் அறிந்த இரு பெண்களைச் சொல்வோம். ஒருவர் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை, கணவரை இழந்தவர். கல்லூரியில் பயிலும் பேத்தி விடுமுறைக்கு வந்து விட்டுச் சென்ற நூல்களைத் தூசி தட்டப் போய்ப் படிக்கத் தொடங்கியவர். மற்றவர் முப்பது ஆண்டுகள், கிழக்கு வெளுக்குமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலை கடந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று வந்தவர். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்பில்தான் முதன்முதலாக எழுத்துக் கூட்டினார். இன்று அவருக்கு மூட்டுவலி, மலைக்குப் போவதில்லை. பிற்பகலில் ஆசிரியையின் திண்ணைக்கு வருவார். ஆசிரியை ஆங்கிலக் கதையைத் தமிழில் சொல்லச் சொல்ல, இவர் கேட்பார். கேட்பதோடு நில்லாமல் வழக்காடவும் செய்வார். "ரெத்தம் குடிக்கிறவனக் கட்டிக்கிட்டு அவ எங்க டீச்சர் குடித்தனம் நடத்துவா?" என்ற வினாவை நாமே ஒருநாள் தெருவில் நின்று கேட்டோம். இறையியல் கல்லூரியின் விவாத அரங்குகளில் இதைவிடக் கூர்மை குறைந்த வினாக்கள் பல எழுந்ததுண்டு.

இந்தச் சுவை நம் மண்ணுக்குப் புதிதும் அன்று. சென்னையில் இரத்தின நாயகர் குடும்பத்தார் போன்றோர் அச்சிட்டுத் திருவிழாக் கடைகளுக்கு அனுப்பிய 'பெரிய எழுத்து' வரிசையில் விக்கிரமாதித்தனும் மதனகாமராஜனும் இருந்தார்கள். அக்கதைகளில் பறக்கும் பொருள்கள், பேசும் கிளிகள், கூடுவிட்டுக் கூடு பாயும் அரசர்கள், ஏழு கடல் தாண்டிக் கைப்பிடிக்க வேண்டிய பெண்கள் ஆகிய யாவும் உண்டு. எழுத்துப் பெரிதாக இருந்தது சிறுவருக்காக மட்டுமன்று. எழுத்துக் கூட்டிப் படிப்போருக்கும், கண் மங்கியோருக்கும் அது உதவியது. 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' சிறுவர் இதழ்தான். ஆயினும் தபால்காரரிடமிருந்து அதை வாங்கி, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புமுன் வேதாளத்தின் புதிரைப் படித்து முடித்த தாத்தாக்கள் எத்தனை வீடுகளில் இருந்தார்கள் என்பதை வாசகரே நினைவுகூரலாம். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் ஓர் இளைஞன்; அவன் மனத்தைப் பறித்த குந்தவையும் இளையவளே. அவர்களுடைய காதலை எழுபது வயதில் மீண்டும் எடுத்துப் படிப்போரை நாம் 'இலக்கிய ரசிகர்' என்கிறோம்.

இனித் தேநீர்க் கடைக்கு வருவோம். காலை ஆறரை மணிக்குக் கடைப் பலகையில் அமரும் பெரியவர்கள் 'தினத்தந்தி'யை விரித்ததும் பலருடைய கண் முதலில் எங்கே போகிறது? கன்னித்தீவுக்கு! 1960 முதல் நாள்தோறும் வளர்ந்து வந்த அந்தப் படக்கதையில் சிந்துபாத் உண்டு, மந்திரவாதி உண்டு, உருச் சிறுத்துப்போன இளவரசி லைலா உண்டு. படிக்கத் தொடங்கியபோது அரைக்கால் சட்டை அணிந்திருந்தவர்களுக்கு இன்று பல் விழுந்துவிட்டது; சிந்துபாத்துக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. மாயமும் காதலும் கலந்த, மூப்பறியாத தலைவனைக் கொண்ட அக்கதையைப் படிக்கும் அந்தப் பெரியவர்களைக் கண்டிக்குமாறு எந்த அன்பியமும் இதுவரை நம்மிடம் மனுக் கொடுத்ததில்லை.

அதே கடையில் வானொலியோ கைபேசியோ பாடிக்கொண்டிருக்கும். பண்ணைப்புரத்தில் யார் இசை ஒலிக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? 1943இல் இவ்வூரில் பிறந்த இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கி இசையமைத்தவற்றில் பெரும் பகுதி இளையோரின் காதற் பாடல்கள்தாம். எழுபது வயது ஆண் ஒருவர் அவற்றைக் கேட்டுக் கண் கலங்கினால் ஊரே பெருமை கொள்கிறது. "எங்க ஊர்க்காரர் பாட்டு" என்று வெளியூர் உறவினரிடம் சொல்கிறது. அப்பாடல்களில் உருகும் அதே ஏக்கம் தாளில் அச்சாகி, அறுபத்தெட்டு வயதுப் பெண் ஒருவரின் மடியில் கிடந்தால் அது ஒழுக்கக் கேடாகிவிடுகிறது! ஆகவே இங்கே விசாரணைக்கு நிற்பது மாயமும் அன்று, காதலும் அன்று. மூப்பெய்திய பெண்ணின் உள்ளத்தில் இன்னும் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது என்பதை நம் குடும்பங்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அவர் சமைக்கலாம், பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டலாம், திருப்பலிக்கு முன்வரிசையில் வந்து அமரலாம். தமக்கென்று ஒரு பிற்பகலை எடுத்துக்கொண்டால் மட்டும் வீட்டார் நெற்றி சுருங்குகிறது.

இது நம் நாட்டுப் பட்டிக்காட்டுத்தனம் என்று எவரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பௌக்கர் என்னும் நிறுவனம் 2012இல் நடத்திய ஆய்வில், பன்னிரண்டு முதல் பதினேழு வயதினருக்கென வெளியிடப்பட்ட நூல்களை வாங்குவோரில் 55 விழுக்காட்டினர் பதினெட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் என்று தெரியவந்தது. இரண்டு ஆண்டுகளில், அவ்வாறு படிக்கும் பெரியோர் வெட்கப்பட வேண்டும் என்று அங்கே ஒரு கட்டுரையே வெளிவந்து பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. சீ. எஸ். லூயிஸ் 1952லேயே இதற்கு விடையளித்துவிட்டார் என்பது நம் கருத்து. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றிவிடுவோமோ என்ற அச்சமே சிறுபிள்ளைத்தனம் என்பது அவருடைய வாதம். அவருடைய நண்பரும், ஆழ்ந்த கத்தோலிக்கருமான டோல்கீன், மாயக் கதைகள் மனிதரைத் தப்பியோடச் செய்கின்றன என்ற குற்றச்சாட்டுக்கு வேறொரு விடை கண்டார். சிறைப்பட்டவன் வெளியே போக நினைப்பதும், போர்க்களத்தை விட்டு வீரன் ஓடுவதும் ஒன்றல்ல என்றார் அவர். திண்ணையில் அமர்ந்திருக்கும் நம் இரு பெண்களும் எந்தக் களத்தை விட்டு ஓடினார்கள்? ஒருவர் வகுப்பறையில் காலமெல்லாம் நின்றார். மற்றவர் மலைச்சரிவில் முதுகு வளைந்தார்.

ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மேற்சொன்ன ஆசிரியை வேளாங்கண்ணித் திருத்தலத்துக்குச் சென்றிருந்த நான்கு நாட்களில், அவருடைய மகன் அந்நூல்களையும் அவற்றோடு ஒரு பெட்டி நிறைய இருந்த பழைய மாத நாவல்களையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். தாயின் நன்மைக்காகத்தானாம். மறையுரையில் கண்டிக்குமாறு நம்மை வேண்டியவரும் அவரே. திருத்தலத்திலிருந்து எண்ணெய்ப் புட்டியும் மாதா படமும் வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு திரும்பிய தாய், வெற்று அலமாரியின் முன் நின்றார். சண்டையிடவில்லை, அழவும் இல்லை. அதன்பின் இரண்டு வாரம் அவர் திண்ணைக்கே வரவில்லை. ஏலத்தோட்டத்து அம்மா மட்டும் வழக்கமான நேரத்துக்கு வந்து, சற்று உட்கார்ந்துவிட்டுப் போனார்.

நூல்களை அழிப்போர் எல்லாரும் பிறர் நன்மைக்காகவே அழிக்கிறார்கள். செர்வாண்டிஸ் 1605இல் வெளியிட்ட 'டான் குயிக்ஸோட்டே'யின் ஆறாம் அத்தியாயம் பங்குத்தந்தையர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொருமுறை படிக்க வேண்டிய பகுதி. தலைவருக்கு ஏறத்தாழ ஐம்பது வயது. வீரக் காதற் கதைகளை இரவுபகலாகப் படித்து மதிமயங்கியவர். அவர் உறங்கும் வேளையில் ஊர்ப் பங்குக் குருவும் முடிதிருத்தும் நண்பரும் அவருடைய நூலகத்துக்குள் நுழைகிறார்கள். வீட்டுப் பணிப்பெண் தீர்த்தப் பாத்திரத்தோடு ஓடி வந்து, நூல்களுக்குள் ஒளிந்திருக்கும் மந்திரவாதிகளை விரட்டுமாறு குருவிடம் வேண்டுகிறாள். குரு ஒவ்வொரு நூலாக எடுத்துத் தீர்ப்பிடுகிறார். வேடிக்கை என்னவென்றால், அவர் அந்நூல்கள் எல்லாவற்றையும் முன்பே படித்திருக்கிறார்! பிடித்தமான ஒன்றைத் தீயிலிருந்து காப்பாற்றி, வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்குமாறு நண்பருக்குப் பரிந்துரையும் செய்கிறார். கடைசியில் சலிப்புற்று, எஞ்சியவற்றைத் திறந்தும் பாராமல் எரிக்கச் சொல்லிவிடுகிறார். நம் திருச்சபை தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலை 1966இல் கைவிட்டது. திறந்து பாராமல் எரிக்கச் சொல்லும் அந்தச் சலிப்பை இன்னும் கைவிட்டபாடில்லை.

இந்த இடத்தில் நம்மை மறுப்போர் புனிதரைத் துணைக்கு அழைப்பார்கள். அவிலா நகர்ப் புனித தெரேசாவே இத்தகைய கதைகளைப் பழித்திருக்கிறாரே என்பார்கள். ஆம், பழித்திருக்கிறார். தம் வாழ்க்கையை அவரே எழுதிய நூலின் இரண்டாம் அத்தியாயத்தில், சிறுமியாக இருந்தபோது வீரக் காதற் கதைகளில் மூழ்கி, தந்தைக்குத் தெரியாமல் பகலிலும் இரவிலும் பல மணி நேரத்தை வீணாக்கியதையும், அதனால் தம் நல்லார்வம் குளிர்ந்துபோனதையும் வருத்தத்தோடு குறிப்பிடுகிறார். இதை நாம் மூடி மறைக்கவில்லை. ஆனால், அதே பக்கத்தில் தம் தாயைப் பற்றி அவர் எழுதியிருப்பதை எவரும் எடுத்துக்காட்டுவதில்லை. அக்கதைகளின் மீது முதலில் விருப்பம் கொண்டவர் தாயே. மகளுக்கு நேர்ந்த தீங்கு தாய்க்கு நேரவில்லை, ஏனெனில் அவர் தம் கடமைகளைக் கைவிடவில்லை என்று தெரேசாவே சாட்சி சொல்கிறார். தம் பெருந்துன்பங்களை நினையாதிருக்கவே தாய் அவற்றைப் படித்திருக்கக்கூடும் என்றும் ஊகிக்கிறார்.

அத்தாயின் பெயர் பெயாத்ரிஸ். மிக இளம் வயதில் மணம் முடிக்கப்பட்டு, பிள்ளைமேல் பிள்ளையாகப் பெற்று, நோயோடு வாழ்ந்து, முப்பத்து மூன்று வயதில் இறந்தவர். அந்த வயதுக்குள்ளாகவே முதியவரைப் போல் உடுத்தத் தொடங்கிவிட்டார் என்று மகள் எழுதியிருக்கிறார். முப்பது வயதில் கிழவியின் உடை! அவ்வுடைக்குள் இருந்த பெண்ணுக்கு மூச்சு விட ஒரு கதைப் புத்தகம் தேவைப்பட்டது. அவிலாவின் பெயாத்ரிஸை நினைக்கும்போதெல்லாம் நம் பள்ளத்தாக்கின் வீடுகளில், நாற்பது வயதிலேயே "இனி நமக்கென்ன" என்று வண்ணச் சேலையை மடித்து வைத்துவிடும் பெண்கள் நம் கண்முன் வருகிறார்கள்.

தெரேசாவின் கதையும் அத்தோடு முடியவில்லை. அவருடைய வரலாற்றை முதலில் எழுதியவர்களில் ஒருவரான இயேசு சபைக் குரு ரிபேரா, சிறுமி தெரேசா தம் சகோதரரோடு சேர்ந்து வீரக் காதற் கதை ஒன்றை எழுதியே முடித்ததாகக் குறிப்பிடுகிறார். அந்தக் கையெழுத்துப் படி நமக்குக் கிட்டவில்லை. ஆனால் 1577இல், அறுபத்திரண்டு வயதில், நோயும் எதிர்ப்பும் சூழ்ந்திருந்த காலத்தில் அவர் எழுதிய 'அக மாளிகை' நம் கையில் இருக்கிறது. அதில் என்ன காண்கிறோம்? பளிங்காலும் வைரத்தாலும் ஆன கோட்டை. அதன் புறத்தே ஊர்ந்து திரியும் நச்சு உயிர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு உறைவிடங்கள். நடுவே வீற்றிருக்கும் மன்னர். ஆறாம் உறைவிடத்தில் மணவொப்பந்தம், ஏழாவதில் திருமணம். சிறுமியாகப் படித்த கோட்டைகளும் வீரர்களும் அந்த அறுபத்திரண்டு வயதுத் துறவியின் உள்ளத்தில் சாம்பலாகிவிடவில்லை என்றே நாம் கருதுகிறோம். இறைவன் அவற்றைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பவில்லை, எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார். அந்நூலாசிரியரைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார்.

அப்படியானால் எதைப் படித்தாலும் சரிதானா என்று கேட்பீர்கள். இல்லை. அளவுகோல் வேண்டும். அது இன்னொரு புனிதரிடம் இருக்கிறது. 1521இல் பம்பலூனாவில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து லொயோலாவில் படுத்திருந்த இஞ்ஞாசியார், நேரம் போக்க வீரக் காதற் கதைகளைத்தான் கேட்டார். வீட்டில் அவை இல்லாமற்போகவே கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும் அவருக்குக் கிடைத்தன. இவ்வளவும் மறைக்கல்வி வகுப்பில் படித்தவர்களே நாம். ஆனால், அவற்றைப் படித்த பின்னரும் அவர் ஒரு சீமாட்டியை நினைத்து, அவளுக்காகச் செய்யப்போகும் வீரச் செயல்களைக் கற்பனை செய்தபடி மூன்று நான்கு மணி நேரம் மெய்ம்மறந்து கிடந்தார் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். அக்கற்பனையை அவர் அடித்து விரட்டவில்லை; கவனித்தார். அது விலகிய பின் உள்ளம் வறண்டு கிடந்ததையும், புனிதரைப் போல் வாழ நினைத்த எண்ணம் விலகிய பின்னும் மகிழ்ச்சி எஞ்சியிருந்ததையும் கண்டுகொண்டார். ஆவிகளைத் தேர்ந்து தெளிதல் என்று திருச்சபை இன்று கற்பிக்கும் அந்த நுட்பமான கலை இவ்வாறு நோய்ப்படுக்கையில், காதற் கற்பனையின் பின்சுவையை நாவிலிட்டுப் பார்த்ததில் பிறந்தது.

ஆகவே நூலை மூடிய பின் என்ன எஞ்சுகிறது என்று கேட்போம். இக்கேள்வியைப் படித்தவரிடம்தான் கேட்க வேண்டும். அவருடைய மகனிடம் அன்று. அக்கதைகளைப் படித்து முடித்த இரவுகளில் தம் கணவரை வெறுப்பின்றி நினைத்துக்கொள்ள முடிகிறது என்று ஆசிரியை ஒருமுறை சொன்னார். அதற்குமேல் நாம் வினவவில்லை.

இதே அளவுகோலைக் கொண்டு பார்த்தால் சில நூல்கள் தேறுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் தமிழ் மாத நாவல்களில் ஒரு சாரார் ஓயாமல் எழுதும் கதை ஒன்றுண்டு. தலைவன் பழிவாங்கும் நோக்கோடு பெண்ணின் கழுத்தில் வலுக்கட்டாயமாகத் தாலி கட்டுவான்; அறைவான்; சொல்லால் சுடுவான். இறுதி அத்தியாயத்தில் அத்தனையும் அளவற்ற அன்பின் வெளிப்பாடே என்று தெரியவரும். அவளும் அவன் மார்பில் சாய்வாள். வீங்கிய கன்னத்தோடு பங்கு இல்லத்துப் படியேறி வரும் பெண்களைக் கண்டிருக்கும் நமக்கு, அந்த இறுதி அத்தியாயம் அருவருப்பையே தருகிறது. 'ட்வைலைட்' வரிசையிலும் கறை உண்டு. உறங்கும் பெண்ணின் அறைக்குள் அவள் அறியாமல் நுழைந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பவன் அதில் காதலனாகப் போற்றப்படுகிறான். இளையோருக்கு என்ற முத்திரையோடு வந்து, உள்ளே பிள்ளைகள் கையில் கொடுக்கத் தகாத படுக்கையறைக் காட்சிகளை வைத்திருக்கும் நூல்களும் இன்று வெளிநாட்டுச் சந்தையில் மலிந்துள்ளன. பெற்றோரே, கவலைப்பட வேண்டுமென்றால் இவற்றுக்குக் கவலைப்படுங்கள். படிப்பவரின் வயதுக்கு அன்று.

அக்கறையை முதலில் கண்டு சொன்னவர் யார் தெரியுமா? ஏலத்தோட்டத்து அம்மாதான். அந்தப் பையன் இராத்திரியில் அறைக்குள் வந்து நின்றதைக் கேட்டதும், கதையை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். கங்காணிகள் சிலரும் அப்படித்தான் வந்து நிற்பார்கள், அதற்குப் பெயர் காதல் அன்று என்றாராம். பேத்தி அப்பகுதியைப் படித்தபோது அவளுக்கு அது உறுத்தவில்லை. இப்போது சொல்லுங்கள்: இந்நூல்களை முதியோர் கையிலிருந்து பிடுங்குவது பாதுகாப்பா, அல்லது முதியோரும் இளையோரும் ஒன்றாக அமர்ந்து படிப்பது பாதுகாப்பா?

செப நேரம் வீணாகிறது என்ற குற்றச்சாட்டுக்குச் சுருக்கமாகவே விடையளிப்போம். இரவு ஏழு மணிமுதல் பத்து மணிவரை தொலைக்காட்சித் தொடர்களில் மாமியார் மருமகளுக்கு நஞ்சு வைப்பதைக் குடும்பமாக அமர்ந்து பார்க்கும் வீடுகளிலிருந்து இக்குற்றச்சாட்டு வருகிறது. மேலும், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஜீப் ஏறிய முப்பது ஆண்டுகளில் அந்த அம்மாவுக்குச் செபிக்க நேரம் கிடைத்ததா என்று நம்மில் எவராவது கேட்டோமா?

மாயமும் காதலும் விசுவாசத்துக்குப் பகை என்று கருதுவோர் திருவிவிலியத்தில் தோபித்து நூலைத் திறந்து பார்க்கட்டும். மணமான இரவிலேயே ஏழு கணவர்களை அலகைக்குப் பறிகொடுத்த இளம்பெண் சாரா; தூரநாட்டுக்குப் பயணம் புறப்படும் இளைஞன் தோபியா; மனித உருவில் வழித்துணையாக வரும் வானதூதர் இரபேல்; கூடவே ஒரு நாய்; ஆற்றிலிருந்து பாயும் பெரிய மீன்; அதன் ஈரலும் இதயமும் புகைந்தவுடன் எகிப்து வரை ஓடும் அலகை. மருமகனும் இறந்துவிடுவான் என்று அஞ்சி மாமனார் இரவோடிரவாகக் குழி தோண்டி வைப்பதும், விடியுமுன் அதை அவசரமாக மூடச் செய்வதும் நகைச்சுவையின் உச்சம். சாராவைக் காணுமுன்னே, அவளைப் பற்றிக் கேட்ட அளவிலேயே தோபியா அவள்மீது காதல் கொள்கிறான். இதே நூலிலிருந்துதான் நம் திருமணத் திருப்பலிகளில் மணமக்களின் மன்றாட்டை வாசிக்கிறோம். எருசலேமின் இளைய கன்னியரை அழைத்துப் பேசும் இனிமைமிகு பாடலை வாசிப்போருக்கு எந்த வயது வரம்பையும் தாயாம் திருச்சபை விதித்ததாக நமக்குத் தெரியவில்லை.

தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்டவரும் நம்மவர்தாம். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை என்னும் அந்தக் கத்தோலிக்கப் பொதுநிலையினர், அப்போது ஐம்பதைக் கடந்தவர். அவருடைய ஞானாம்பாள் கணவரைத் தேடி ஆண் உடையில் புறப்பட்டு, விக்கிரமபுரிக்கு அரசராகவே ஆகிவிடுகிறாள். நீதிமன்றத்தில் அமர்ந்து வழக்குகளைத் தீர்த்தவர் மனத்தில் இவ்வளவு குதூகலம்! அவருடைய பிள்ளைகள் கையெழுத்துப் படியை எடைக்குப் போடாதிருந்தது தமிழ் செய்த நற்பேறு.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூலை 17 அன்று, இலக்கியத்தின் பங்கு குறித்து ஒரு மடலே எழுதினார். குருக்களின் உருவாக்கத்தை முன்னிட்டு எழுதத் தொடங்கி, பின்னர் அதை எல்லாக் கிறிஸ்தவருக்கும் உரியதாக்கினார். இளம் இயேசு சபையினராக 1964, 1965 ஆண்டுகளில் சாந்தா ஃபே நகரில் இலக்கியம் கற்பித்தபோது, மாணவர்கள் பாடத்திலிருந்த பழைய வீர காவியத்தை விட்டுவிட்டுத் தற்காலக் கவிஞரின் காதற் கவிதைகளைக் கேட்டார்களாம். காவியத்தை வீட்டில் படித்து வருமாறு பணித்துவிட்டு, வகுப்பில் அவர்கள் விரும்பிய எழுத்தாளர்களைப் பற்றிப் பேசினாராம் அவர். கடமைக்காகப் படிப்பதால் பயனில்லை என்பதை அம்மடல் அழுத்திச் சொல்கிறது. இதை வாசித்த பின் நம் பங்கு நூலகத்தைப் பார்த்தோம். பூட்டிய அலமாரி, சாவி கோவில்பிள்ளையிடம். உள்ளே பொடி எழுத்தில் புனிதர் வரலாறுகள், அட்டை பிரியாத மறைக்கல்விக் கையேடுகள், பழைய நாட்காட்டிகள் நான்கு.

அந்த அலமாரிக்கு இனிப் பூட்டு இராது. ஞாயிறு திருப்பலிக்குப் பின்னும், புதன்கிழமை நவநாளுக்குப் பின்னும் நூல்களை எடுத்துச் செல்லலாம். பெரிய எழுத்தில் அச்சான கதை நூல்கள், பழைய அம்புலிமாமா தொகுப்புகள், நல்ல நாவல்கள் வைத்திருப்போர் கொடுத்து உதவுக. எடைக்குப் போன நூல்களில் பெரும்பாலானவற்றைப் பழைய பேப்பர் கடையிலிருந்து மகனே சென்று மீட்டு வந்துவிட்டார். என்ன பேசி அனுப்பினோம் என்பது அவருக்கும் நமக்கும் இடையே இருக்கட்டும். 2007இல் வெளிவந்த மூன்றாம் தொகுதி மட்டும் அகப்படவில்லை. யாருக்கோ பொட்டலம் மடிக்கப் போயிருக்கும். திண்ணையில் கதை அங்கே நின்றுபோயிருக்கிறது. வாசகர் எவரிடமேனும் அத்தொகுதி இருப்பின் பங்கு இல்ல முகவரிக்கு அனுப்பலாம்; தபால் செலவை நாமே ஏற்றுக்கொள்வோம்.